"வருமானம் போதாது" என்று சொல்லி வேலைக் கடிதம் விற்கிறார்கள்: மனைவியை, கணவரை ஸ்பொன்சர் செய்யும் எல்லோரும் கவனிக்கவும்

கனடாவுக்குக் கணவரையோ மனைவியையோ கூப்பிடுவதற்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று கிடையாது. இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. இது தெரியாததால் ஸ்காபரோவில் ஒரு குடும்பம் 4,300 டொலரைக் காசாகக் கொடுத்து, உண்மையான கலியாணத்தின் கோப்புக்குள் ஒரு கள்ளக் கடிதத்தை வைத்துவிட்டு, இப்போது குடிவரவுத் திணைக்களத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் இதை எழுதுகிறோம்.

கணவர் ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை. 2023ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டு அறிவித்தலில், அதாவது நோட்டிஸ் ஒஃப் அசெஸ்மென்டில், 15000 என்று இலக்கமிட்ட வரியில் இருந்த மொத்த வருமானம் 23,800 டொலர். மனைவி யாழ்ப்பாணத்தில். விண்ணப்பம் நிரப்பித் தருவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் போனார்கள். அவர் ஒரு அட்டவணையை எடுத்து மேசையில் வைத்து, "இரண்டு பேருக்கு 44,530 டொலர் வேணும் தம்பி, உங்களிட்ட அரைவாசிதான் இருக்கு, இப்பிடியே போட்டால் கட்டாயம் றிஜெக்ட்" என்றிருக்கிறார். கோப்புக்கு 2,500, வேலைக் கடிதத்துக்கும் பே ஸ்டப் என்கிற சம்பளச் சீட்டுகளுக்கும் 1,800. பற்றுச்சீட்டு இல்லை.

அந்த அட்டவணை பொய்யானது அல்ல, அதனால்தான் அது ஆபத்தானது. 44,530 என்பது 2023 வரி ஆண்டுக்கு, இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு, பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் ஸ்பொன்சர் செய்வோருக்கான தொகை. அந்தத் திட்டத்தில் தொடர்ந்து மூன்று வரி ஆண்டுகளுக்கு வருமானம் காட்ட வேண்டும், கியூபெக்குக்கு வெளியே இருபது வருடப் பொறுப்பும் ஏற்க வேண்டும். கணவன் மனைவிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 133ஆம் பிரிவு வருமான நிபந்தனையில் இருந்து துணைவரை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. ஒரேயொரு விதிவிலக்கு, கூப்பிடப்படும் துணைவருக்கு ஒரு பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிள்ளை இருந்தால் மட்டும். அப்போதுதான் ஐஎம்எம் 1283 என்ற நிதி மதிப்பீட்டுப் படிவம் வரும். உங்களுக்கு அந்த நிலை இல்லாதபோது ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னால், அவருக்கு வேலை தெரியாது, அல்லது உங்களை ஏமாற்றுகிறார். கியூபெக்கில் இருப்பவர்கள் மாகாண அமைச்சுக்குத் தனியாகப் பொறுப்பேற்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பதால், அங்கே நடைமுறை வேறு.

இனி அந்தக் கடிதம். 2022இல் இருந்து முழுநேர வேலை, ஆண்டுச் சம்பளம் 52,000 என்று எழுதியிருந்தது. அதே கோப்பில், நான்கு பக்கம் தள்ளி, 2023க்கு 23,800 என்று வரித் திணைக்களத்தின் தாள் இருந்தது. முகவர் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றியிருக்கிறார். வேறெங்கும் தேடாமலே அதிகாரி பிடித்துவிடலாம். பே ஸ்டப் இன்னும் மோசம். இரண்டு கிழமைக்கு 2,000 டொலர், சிபிபி என்கிற ஓய்வூதியத் திட்டக் கழிவு சரியாக 100.00 என்று போட்டிருந்தது. 2024இல் தொழிலாளி கட்டும் சிபிபி வீதம் 5.95. ஆனால் வருடத்துக்கு 3,500 டொலர் விலக்கு உண்டு, இரண்டு கிழமைக்கு அது 134.61. ஆகவே 1,865.39க்கு 5.95 வீதம், 110.99 வரவேண்டும். ஈஐ என்கிற வேலையிழப்புக் காப்புறுதி 1.66 வீதம், 33.20 வரவேண்டும், அங்கே 40.00 இருந்தது. உண்மையான சம்பளப் பட்டியலில் கழிவுகள் இப்படி முழு இலக்கத்தில் வந்து நிற்பது அபூர்வம். கடிதத்தில் நிறுவனத்தின் தொலைபேசி என்று போட்டிருந்தது ஒரு கைத்தொலைபேசி இலக்கம். அதை எடுப்பவர் யார் என்று அந்தக் கணவருக்கே தெரியாது.

சில மாதங்களில் வந்தது புரொசீஜரல் ஃபெயர்னெஸ் லெட்டர் என்கிற கடிதம். மறுப்பு அல்ல. "இந்த ஆவணம் உண்மையல்ல என்று நினைக்கிறோம், பதில் சொல்லுங்கள்" என்பது அதன் பொருள். கணவர் மாதம் நாலாயிரத்துக்கு மேல் உழைக்கிறார் என்று மனைவி முதன்முதலாக அறிந்தது அந்தக் கடிதத்தில்தான்.

இதன் விளைவு யார் தலையில் விழும் என்பதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ தவறான தகவல் கொடுத்த விண்ணப்பதாரரைப் பற்றியது. "மறைமுகமாக" என்ற சொல்லுக்குள் ஸ்பொன்சர் கொடுத்த தாளும் வரும், முகவர் ஏற்றிய தாளும் வரும். "எனக்குத் தெரியாமல் அவர்தான் செய்தார்" என்பது பெரும்பாலும் எடுபடாது. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. தீர்ப்பு எதிராக வந்தால் ஐந்து வருடத்துக்குக் கனடாவுக்குள் வர முடியாது, அந்தக் காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. வருமான எல்லையே இல்லாத ஒரு விண்ணப்பத்தில், கூட்டிக் காட்டிய வருமானத்துக்காக ஐந்து வருடம் பிரிந்திருப்பது எவ்வளவு பெரிய அநியாயம். ஸ்பொன்சரும் தப்புவதில்லை. தவறான தகவல் கொடுப்பதும், கொடுக்கத் தூண்டுவதும் குற்றம். உச்சத் தண்டனை 100,000 டொலர் அபராதம், ஐந்து வருடச் சிறை, அல்லது இரண்டும்.

அப்படியென்றால் பணவிடயத்தில் உண்மையில் என்னதான் பார்க்கிறார்கள்? முதலாவது வெல்பெயர். மாற்றுத்திறன் தவிர்ந்த காரணத்துக்காக மாகாண சமூக உதவி எடுப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஒன்ராறியோவில் இது ஒன்ராறியோ வேர்க்ஸ். ஓடிஎஸ்பி எடுப்பவர் செய்யலாம், ஏனென்றால் அது மாற்றுத்திறனுக்கான உதவி. ஈஐ, சிபிபி, பிள்ளைகளுக்கான மாதக் காசு எதுவும் இந்தக் கணக்கில் வராது. இங்கே பலர் தவறுவது காலத்தில். விண்ணப்பம் போட்ட அன்று மட்டும் வெல்பெயரில் இல்லாமல் இருந்தால் போதாது, முடிவு வரும் நாள் வரை இருக்கக் கூடாது. "ஒரு மாதம் நிப்பாட்டிப்போட்டு அப்ளை பண்ணுங்கோ, பிறகு திரும்ப எடுக்கலாம்" என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இடையில் ஸ்பொன்சர் தகுதியே போய்விடும்.

மற்றவை: வங்குரோத்தில் இருந்து இன்னும் விடுபடாதவர்கள், முன்பு ஸ்பொன்சர் செய்த ஒருவர் வெல்பெயர் எடுத்து அந்தக் கடனைக் கட்டாதவர்கள், நீதிமன்றம் கட்டச் சொன்ன பிள்ளைச் செலவைக் கட்டாதவர்கள், குடிவரவுக் கடன் நிலுவையில் உள்ளவர்கள். இன்னொன்று காசோடு சம்பந்தமில்லாதது, ஆனாலும் அடிக்கடி தவறவிடுவது: நீங்களே துணைவராக ஸ்பொன்சரில் வந்தவர் என்றால், நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து வருடம் ஆகாமல் இன்னொரு துணைவரைக் கூப்பிட முடியாது.

வருமானத்துக்கு எல்லை இல்லை என்பதால் வருமானத் தாள்களே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆவணப் பட்டியலில் கடைசி வரி மதிப்பீட்டு அறிவித்தல், வேலைக் கடிதம் எல்லாம் இருக்கும். வருகிறவர் எப்படி வாழப்போகிறார் என்று அதிகாரி பார்ப்பார். குறைந்த வருமானம் என்றால் அதை மறைக்காமல் விளக்குங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: மாத வாடகை எவ்வளவு, தாய் தகப்பனோடு இருந்தால் அவர்கள் வாடகை வாங்குவதில்லை என்பதற்கு அவர்களின் கையெழுத்து, சேமிப்பு எவ்வளவு, துணைவர் என்ன படித்தார், வந்தபின் என்ன வேலை தேடுவார். வங்கிக் கூற்று ஆறு மாதத்துக்கு. கடைசி வாரத்தில் யாரோ ஒருவரிடம் வாங்கிப் போட்ட பத்தாயிரம் உதவாது, அது கேள்வியைத்தான் கூட்டும்.

கைக்காசுக்கு வேலை செய்பவர்களைத்தான் முகவர்கள் அதிகம் குறிவைக்கிறார்கள். கடையிலோ கட்டட வேலையிலோ டி4 என்கிற ஆண்டுச் சம்பளத் தாள் இல்லாமல் உழைத்தவரிடம் "உங்கட உண்மையான வருமானத்தைத்தானே எழுதுறம்" என்று சொல்லிக் கடிதம் செய்வார்கள். வரித் திணைக்களத்துக்குச் சொல்லாத வருமானத்தைக் குடிவரவுக்குச் சொன்னால், உங்கள் கையாலேயே இரண்டு முரண்பட்ட தாள்களை அரசாங்கத்திடம் கொடுக்கிறீர்கள். முந்தைய வருடங்களைத் திருத்தி வரி கட்டுவதுதான் நேர்வழி, அதற்கு ஒரு கணக்காளரைப் பாருங்கள். டக்சி, ஊபர் ஓட்டுபவர்களுக்கு வேறு குழப்பம். வருடம் 60,000 ஓடியிருப்பார்கள், எரிபொருள், காப்புறுதி, திருத்தம் கழித்து 15000ஆம் வரியில் 22,000 நிற்கும். அது கழிவுக்குப் பின்னான தொகை, சட்டப்படி சரியானது. அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை, அந்த 22,000ஐயே எழுதுங்கள்.

வரி அறிவித்தல் தொலைந்துவிட்டது என்று சொல்லி அதற்கும் 150, 200 வாங்குகிறார்கள். வரித் திணைக்களமான சிஆர்ஏயின் இணையக் கணக்கில் இலவசமாக இறக்கலாம். ஒப்ஷன் சி பிரிண்ட் அவுட் என்கிற வருமானச் சான்றைத் தொலைபேசியில் கேட்டாலும் அனுப்புவார்கள், காசு இல்லை.

அரசாங்கக் கட்டணத்திலும் கை வைக்கிறார்கள். 2024 ஏப்ரல் 30இல் மாற்றியபோது ஸ்பொன்சர் கட்டணம் 85, விண்ணப்பக் கட்டணம் 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205 டொலராக இருந்தது. கைரேகைக்கு 85. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிரந்தர வதிவிடக் கட்டணங்கள் மாறும், ஆகவே கட்டும் நாளில் திணைக்கள இணையத்தளத்தில் பார்த்து, உங்கள் அட்டையாலேயே கட்டி, ரசீதை நீங்களே வைத்திருங்கள்.

இந்த முகவர் எப்படிப்பட்டவர் என்பதை முதல் நாளே தெரிந்திருக்க முடியும். காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் கல்லூரியின் உரிமம் பெற்ற ஆர்சிஐசி என்கிற குடிவரவு ஆலோசகர்கள் போன்ற அனுமதி பெற்றவர்களுக்குத்தான் உரிமை. உரிமம் உள்ளவரின் இலக்கம் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும், கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் வரும். உரிமம் உள்ளவர் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன்னைப் பிரதிநிதியாகப் போட்டுக் கையெழுத்து வைப்பார். இந்த முகவர் அதைப் போடவே இல்லை. மனைவியின் பெயரில் இணையக் கணக்குத் திறந்து, தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறார். திணைக்களத்தின் பார்வையில் இது பிரதிநிதி இல்லாத விண்ணப்பம், எல்லாவற்றையும் தம்பதியே செய்தது போல. விளக்கம் கேட்ட கடிதம்கூட அவருடைய பெட்டிக்குத்தான் போயிருக்கிறது. அதை இவர்களுக்குச் சொல்ல ஒன்பது நாள் எடுத்திருக்கிறார், அதுவும் "பதில் எழுத 900 டொலர்" என்று.

இன்னொரு சின்னக் கட்டத்தையும் கவனியுங்கள். ஐஎம்எம் 1344 என்ற ஸ்பொன்சர் விண்ணப்பப் படிவத்தில், "ஸ்பொன்சர் தகுதி இல்லை என்று முடிவானால் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு கேள்வி வரும். விண்ணப்பத்தை மீளப் பெறுவது என்று போட்டால் ஸ்பொன்சர் கட்டணம் தவிர மிச்சக் காசு திரும்பும், ஆனால் மேன்முறையீடு இல்லை. தொடர்வது என்று போட்டால், வெளிநாட்டில் இருக்கும் துணைவருக்கான விண்ணப்பத்தில் மேன்முறையீட்டு உரிமை கையில் இருக்கும். இதைக் கேட்காமலே முகவர்கள் நிரப்பிவிடுகிறார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஏற்கெனவே இப்படி ஒரு கடிதம் உங்கள் கோப்பில் போயிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், முதலில் கோப்பைப் பாருங்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி, ஏற்றிய எல்லாவற்றின் பிரதியையும் அதிகாரியின் குறிப்புகளையும் கேட்கலாம். துணைவரின் கோப்பு என்பதால் ஐஎம்எம் 5744 சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். பிறகு ஒரு குடிவரவு வழக்கறிஞர். கேள்வி வருவதற்கு முன் நீங்களே போய் "இந்தத் தாள் தவறு, சரியானது இது" என்று சொல்வதற்கும், பிடிபட்ட பின் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அவசரத்தில் விண்ணப்பத்தை மீளப் பெற்றால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள், தாள் அவர்களிடம்தான் இருக்கும்.

கேள்விக் கடிதம் வந்துவிட்டால் அதில் கடைசி நாள் போட்டிருக்கும். அவகாசம் வேண்டுமென்றால் அந்த நாளுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது கடிதம் செய்யாதீர்கள். மறுப்பு வந்தால், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். தவறான தகவல் என்று மறுத்திருந்தாலும் கணவன் மனைவி என்பதால் அந்த உரிமை உண்டு. கனடாவுக்குள் இருந்து போட்ட விண்ணப்பம் என்றால் அந்தப் பிரிவு இல்லை, 15 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றம்தான்.

இந்தத் தம்பதி வழக்கறிஞர் மூலம் உண்மையை எழுதியிருக்கிறார்கள். கடிதம் போலி, வரித் தாள் சரி, முகவருடனான வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் இணைப்பு, 1,800 டொலரை இரண்டு தவணையாக இ-டிரான்ஸ்ஃபரில் கேட்டு, பிறகு "வேண்டாம், காசாகத் தாங்கோ" என்று மாற்றிய செய்தியும் அதற்குள் இருக்கிறது. கூடவே 23,800 டொலரில் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு பக்கம்: பெற்றோர் வீட்டுக் கீழ்த்தளம், வாடகை இல்லை, சேமிப்பு 11,000, கடன் இல்லை. முதல் நாளே அந்த ஒரு பக்கத்தை வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். முடிவு இன்னும் வரவில்லை.