பரிசல்காரர் மகன் பார்த்த லண்டன் படகுப் பந்தயம்

எங்கப்பா பண்ணவாடிப் பரிசல்துறையில் பரிசல் ஓட்டியவர். மேட்டூர் அணை நிரம்பியிருக்கும் மாசங்களில் இந்தக் கரைக்கும் நாகமரைக்கும் நடுவே கடல் மாதிரி தண்ணீர் நிற்கும். தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் நந்தி தலை காட்டும். நான் துடுப்பைத் தொடாமல் உருக்காலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஓய்வும் பெற்றாச்சு. இங்கிலாந்தைப் பத்தி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு துடுப்பு தண்ணிக்குள் சரியாக இறங்குதா இல்லையா என்று பார்த்த நொடியில் சொல்லிவிடுவேன். இந்த விமர்சனத்தை அப்படிப்பட்ட ஒருத்தன் எழுதியது என்று வைத்துப் படியுங்கள்.

பார்த்தது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்கிற இரண்டு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் மோதும் படகுப் பந்தயத்தின் 2025 ஒளிபரப்பு. பெண்கள் பந்தயம், ஆண்கள் பந்தயம் இரண்டையும் முழுசாகப் பார்த்தேன். பார்த்த இடம் ஏற்காட்டில் மச்சான் வீடு. கோடைக்குப் போயிருந்தோம். லண்டன் பக்கம் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்த தங்கச்சி மகள், "மாமா, உங்களுக்குத்தான் படகு பிடிக்குமே" என்று செல்லில் இருந்து டிவிக்குப் போட்டுவிட்டாள். மழை வேறு. சிக்னல் போய்ப் போய் வந்தது. பெண்கள் பந்தயம் சூடு பிடிக்கும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்து நாலு தடவை நின்றது. மலைமேல் இருந்து பார்ப்பவர்கள் சேலத்திலேயே டவுன்லோடு பண்ணிக்கொண்டு வருவது நல்லது.

முதல் இருபது நிமிஷம் தள்ளிவிடலாம். ஒரே பேச்சு. அந்த நேரத்தில் பந்தயம் நடக்கும் தேம்ஸ் ஆறு எப்படி வேலை செய்யுது என்று ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு எவ்வளவோ உபயோகமாக இருந்திருக்கும். எனக்கு மருமகள்தான் சொல்லித் தந்தாள். பட்னியில் தொடங்கி மோர்ட்லேக்கில் முடியுது, 6.8 கிலோமீட்டர். ஆறு கடலைப் பார்த்து ஓடும், ஆனால் இவர்கள் ஆற்றுக்கு எதிராக மேலே போகிறார்கள். கடல் ஏறும் நேரத்தில் தேம்ஸ் தண்ணீர் திரும்பி ஊருக்குள் ஏறுமாம். அந்த ஏற்றத்தைப் பிடித்துத்தான் பந்தயமே விடுகிறார்கள். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆடியில் புது வெள்ளம் வரும்போது அப்பா நேராக அக்கரைக்குப் போகமாட்டார். கொஞ்ச தூரம் மேலேறி, அங்கிருந்து தண்ணியோடு சாய்ந்து போய்க் கரை சேர்வார். தண்ணிக்கு எங்கே பலம் என்று தெரியாதவன் கை வலிக்கத் துடுப்புப் போட்டும் பிரயோஜனம் இல்லை என்பார்.

இங்கேயும் அதேதான். ஆழமான நடு ஆற்றில் ஓட்டம் அதிகம், இரண்டு படகுமே அந்த இடத்துக்குத்தான் போட்டி போடுது. முதல் வளைவு வடகரைக்காரர்களுக்குச் சாதகம், நடுவில் வரும் நீண்ட வளைவு தென்கரைக்கு, கடைசி வளைவு மறுபடியும் வடகரைக்கு. எந்தக் கரை வேண்டும் என்று நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சுண்டுவது 1829-ஆம் வருஷத்துத் தங்கக் காசு. முதல் பந்தயம் நடந்ததும் அதே வருஷம்தான்.

அப்புறம் படகு. ஆளுக்கு ஒரே துடுப்பு, எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் போகிற திசை முதுகுக்குப் பின்னால். முன்னால் பார்ப்பது, படகைத் திருப்பிக் குரல் கொடுத்து நடத்தும் ஒன்பதாவது ஆளான காக்ஸ் மட்டும்தான். காக்ஸ் வாய்க்கருகே மைக் இருக்கு. நமக்கும் குரல் கேட்குது. இந்த ஒளிபரப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வர்ணனையாளர்கள் சொல்வதில் பாதி எனக்குப் புரியலை, காக்ஸ் குரலில் இருக்கும் பதைப்பு முழுசாகப் புரிஞ்சுது. மேலே இருந்து எடுத்த காட்சியில் எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணிக்குள் போகிறது தெரியும். தண்ணி தெறிக்காது. உள்ளே இறங்கும், பிடிக்கும், இழுக்கும், வெளியே வரும். துடுப்பு விட்டுப் போன இடத்தில் சின்னச் சுழல் ஒன்று சுற்றிக்கொண்டே பின்னால் போகும். அந்தச் சுழல்களுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவில் இருந்தால் படகு நன்றாகப் போகிறது என்று அர்த்தம். "தண்ணிய அடிக்காதடா, பிடி" என்று அப்பா சொல்வது காதில் கேட்டது. பரிசலில் முன்பக்கம் உட்கார்ந்து, முன்னால் பார்த்து, தண்ணியைத் தன் பக்கம் வாங்க வேண்டும். இவர்கள் முறையே வேறு. ஆனால் பிடி ஒன்றுதான்.

பெண்கள் பந்தயத்தில் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டு படகின் துடுப்புகளும் மோதிக்கொண்டன. நடுவர் நிறுத்தி மறுபடி விட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். கேம்பிரிட்ஜ் ஜெயித்தது, தொடர்ந்து எட்டாவது முறையாக. ஆண்களில் கேம்பிரிட்ஜ் ஐந்தரைப் படகு நீளம் முன்னால் வந்துவிட்டதால் பாதிக்கு மேல் பரபரப்பு இல்லை. 2025 பந்தயத்தோடு மொத்தக் கணக்கில் ஆண்கள் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் 88, ஆக்ஸ்போர்டு 81. 1877-இல் ஒரு முறை சமம்.

பந்தயம் முடிந்ததும்தான் எங்கள் வீட்டில் பந்தயம் ஆரம்பித்தது.

மச்சான் காபித் தோட்டத்தில் ரைட்டர். "ரெண்டே டீம், அதுல ஒண்ணு ஜெயிக்கும். இதுக்கு ஆத்தங்கரை பூரா ஜனமா? நேரு டிராஃபி வள்ளத்துல நூறு பேர் பாட்டுப் பாடிக்கிட்டு வர்றதுக்கு முன்னால இது எம்மாத்திரம்" என்றார். ஆலப்புழையை நானும் பார்த்திருக்கேன். அது திருவிழா. இது வேற. ஒருத்தன் பிசகினாலும் மறைக்க முடியாத படகு இது, அந்தக் கஷ்டத்துக்கு மரியாதை தர வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கலை.

மருமகள் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. "அங்க என்கூட வேலை பார்த்தவங்கள்ல பாதிப் பேர் பார்க்கவே மாட்டாங்க மாமா. பணக்காரப் பிள்ளைங்க படிக்கிற ரெண்டு யுனிவர்சிட்டியோட சண்டைக்கு நாடே ஏன் உட்காரணும்னு கேப்பாங்க." 2012-இல் ட்ரென்டன் ஓல்ட்ஃபீல்ட் என்கிற ஆஸ்திரேலியக்காரர் அந்த மேட்டுக்குடித்தனத்தை எதிர்க்கிறேன் என்று படகுகளுக்கு நடுவே நீந்திப் போய்விட்டார். பந்தயத்தை நிறுத்தி மறுபடி விட வேண்டியதாகிவிட்டது. அவருக்கு ஆறு மாசம் சிறைத் தண்டனை. அந்த வீடியோவும் போட்டுக் காட்டினாள். ஆற்றில் தலை மட்டும் தெரியுது, துடுப்பு அலகுகள் பக்கத்திலேயே வருது. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. துடுப்பு மண்டையில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செய்த காரியம் தப்பு. ஆனால் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி, அதை ஜெயிலில் போட்டு மூட முடியாது. பரிசல் ஓட்டினவர் பிள்ளைக்குப் படிப்பின் வாசல் எத்தனை உசரம் என்று எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரி அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை காய் நறுக்கிக்கொண்டு சும்மா இருந்தவர் ஒரு விஷயத்துக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஆசிரியர் பயிற்சி படிக்கும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 2025 பந்தயத்தில் படகில் ஏறக்கூடாது, அது பட்டம் இல்லை, டிப்ளமோ என்று ஆக்ஸ்போர்டு தரப்பு சொல்லி, அவர்களை ஒதுக்கிவிட்டார்களாம். "ஏங்க, பி.எட். படிக்கிறவ மாணவி இல்லையா? நாளைக்கு இவங்க பிள்ளைங்களுக்கு யார் பாடம் எடுக்கப் போறா?" என்றார். ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டவர்கள் மேல்படிப்புக்குச் சேர்ந்து படகில் ஏறுகிறார்கள், அது சரி என்கிறார்கள், வாத்தியாராகப் போகிறவன் மட்டும் மாணவன் இல்லையாம். இதில் நானும் என் வீட்டுக்காரி பக்கம்தான்.

இன்னொன்று, தண்ணி. 2024-இல் தேம்ஸில் ஈ. கோலை கிருமி அளவு ஏகத்துக்கு இருந்ததால் தண்ணிக்குள் இறங்காதீர்கள் என்று வீரர்களுக்கே சொல்லிவிட்டார்கள். ஜெயித்த படகின் காக்ஸைத் தூக்கி ஆற்றில் போடுவது அவர்களுக்குப் பழைய வழக்கம், அதுக்குக்கூட லாயக்கில்லாத ஆறு. இதே சேர்வராயன் மலையில் பிறந்து கீழே இறங்கும் திருமணிமுத்தாறு, சேலத்துக்குள் நுழைந்ததும் எப்படி ஆகுது என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூக்கைப் பிடிக்காமல் பாலத்தைத் தாண்ட முடியாது. லண்டன் ஆறும் அந்தக் கதிதான் என்று கேட்டதும் ஆறுதலாக இல்லை, கஷ்டமாகத்தான் இருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பரிசுப் பணம் கிடையாது. பதினேழு நிமிஷம் போலத்தான் பந்தயம், அதுக்காக மாசக் கணக்கில் விடியக்காலையில் குளிரில் துடுப்புப் போடுகிறார்கள். ஆட்களைச் சேர்க்கிற விதத்துக்கும் அந்த அழுக்குத் தண்ணிக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தேன். அதில் துடுப்புப் போடும் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைக்கவில்லை. பார்க்க நினைப்பவர்கள் செல்போனில் பார்க்காதீர்கள், துடுப்புச் சுழல் தெரியாது. நேரம் இருந்தால் 2003 ஆண்கள் பந்தயத்தையும் தேடிப் பாருங்கள். 6.8 கிலோமீட்டர் போய் ஆக்ஸ்போர்டு ஒரே ஒரு அடியில் ஜெயித்தது. 1978-இல் கேம்பிரிட்ஜ் படகு அலையில் தண்ணி ஏறி முழுகுவதும் கிடைக்கும். அதை என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடியலை. பரிசலில் தண்ணி ஏறும்போது அப்பா தகர டப்பாவில் வாரி வாரி இறைத்தது கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஏற்காடு ஏரிக்குப் போய் ஒரு துடுப்புப் படகு எடுத்தோம். பனி இன்னும் தண்ணிமேல் கிடந்தது. நடு ஏரிக்குப் போனதும் படகுக்காரத் தம்பியிடம் கேட்டு நான் இடம் மாறி உட்கார்ந்தேன். இரண்டு துடுப்பும் என் கையில், போகும் திசை என் முதுகுக்குப் பின்னால். முதல் நாலு இழுப்பு தண்ணியை அடித்தது, வீட்டுக்காரி சேலையெல்லாம் நனைந்தது. ஐந்தாவது இழுப்பில் பிடி கிடைத்தது, கைக்கு அது உடனே தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கப் போனேன். "நீங்க திரும்பாதீங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி. "வலது கையைக் கொஞ்சம் இழுங்க. போதும். இப்ப ரெண்டும்."