கன்றுப் பேரணிக்குப் போகும் பிள்ளை கையில் எந்தத் தலைக்கயிறு?

கால்நடை மருத்துவ முகாமோடு சேர்த்து நடத்தும் கன்றுப் பேரணிக்கு, கன்றைப் பிடித்துக்கொண்டு வருவது பல வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைதான். கொம்பு, குளம்பு எல்லாம் பார்க்கிற பெரியவர்கள் கயிற்றைப் பார்ப்பதில்லை. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் கயிற்றுக் கடைகளில் நைலான், பருத்தி இரண்டிலும் தலைக்கயிறு, அதாவது கன்றின் முகத்தில் மாட்டிப் பிடிக்கும் கயிறு, வாங்கலாம்.

ஆறு மில்லிமீட்டர் தடிமன் நைலான் கயிறு மலிவு, லேசில் அறாது. ஆனால் கன்று மிரண்டு துள்ளினால் கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். உராய்கிற சூட்டில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். முடிச்சும் நழுவும். வெயிலில் கிடந்தால் இழை மொரமொரத்து வலுவிழக்கும். பிள்ளை கைக்கு இது வேண்டவே வேண்டாம்.

பன்னிரண்டு மில்லிமீட்டர் பருத்திக் கயிற்றுக்கு விலை கூட, கொடுக்கலாம். பிடி நிற்கும், கன்றின் முகத்தையும் அறுக்காது. குறை ஒன்று: நனைந்தால் முடிச்சு இறுகி அவிழ்க்க வராது. அதனால் நுனியை இழுத்தவுடன் அவிழும்படிதான் கட்ட வேண்டும். கொக்கி பித்தளையாக இருக்கட்டும். இரும்புக் கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளும், அவசரத்துக்குத் திறக்காது.

மாட்டுவதில்தான் தவறு அதிகம். மூக்குப் பட்டை கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில், எலும்பின்மேல் உட்கார வேண்டும். கீழே இறங்கினால் மெல்லிய பகுதியை அழுத்தி மூச்சை அடைக்கும். இறுகித் தளரும் பாகம் தாடைக்கு அடியில், பிடிகயிறு கன்றின் இடப்பக்கம். மாற்றி மாட்டினால் இழுத்த இறுக்கம் தளராது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கழுத்தில் உருவாஞ்சுருக்கு கூடவே கூடாது.

பிடிகயிறு இரண்டு மீட்டர் போதும். மிச்சத்தை மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் சுற்றினால் கன்று ஓடும்போது பிள்ளையும் இழுபட்டுப் போகும். வளையத்துக்குள் விரல் விடவும் கூடாது. கன்றைவிட்டுக் கொஞ்சநேரம் நகர்வதென்றால் நிழலில், அதன் தோள் உயரத்தில், முன்னங்கால் கயிற்றைத் தாண்டாத அளவுக்குக் கட்ட வேண்டும். மூக்கணாங்கயிறு போட்ட காளையைப் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. எந்தக் கயிறும் அதற்குப் பாதுகாப்பாகாது.

ஒரு கன்றின் கயிற்றை இன்னொன்றுக்கு மாட்டாதீர்கள். கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து சாம்பல் நிறத்தில் வட்டத் திட்டு இருந்தால் அது படர்தாமரை. கயிறு வழியாகப் பிள்ளை கைக்கும் ஏறும். அந்தக் கன்று வீட்டிலேயே இருக்கட்டும். கயிற்றைச் சோப்பில் துவைத்து, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு வைத்த பருத்தி உள்ளே மக்கிவிடும், மேலே பார்த்தால் தெரியாது.