கிளிநொச்சியில் பழைய படம் திருத்தக் கொடுப்பவர்களுக்கு

ஏ9 வீதியோரம், மாடியில் இருக்கிற ஒரு ஸ்ரூடியோவில் நனைந்து கரைந்துபோன குடும்பப் படம் ஒன்றைத் திருத்தக் கொடுத்து எடுத்தேன். கலியாண அல்பம், சாமத்தியவீட்டு அல்பம்தான் அங்கே முக்கிய தொழில். வேலை சுத்தம், நம்பிப் போகலாம். ஆனால் கொடுக்கும்போதே சில விஷயங்களை வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

படத்தில் இருப்பது என் மாமா. 2009இல், போரின் கடைசி மாதங்களில், அம்மா அதைச் சொப்பின் பையில் சுற்றி மாத்தளன் வரைக்கும் கொண்டுபோனா. பைக்குள் தண்ணீர் இறங்கி, முகத்தில் பாதி இளகி ஓடிவிட்டது. கலர்ப் படத்தாளில் நீலப்பச்சை மேலே, சிவப்பு நடுவில், மஞ்சள் அடியில் இருக்கும். ஈரம் மேலிருந்துதான் தின்னும். நனைந்த படங்களின் ஓரம் மஞ்சளாகிப் போவது அதனால்தான்.

ஸ்ரூடியோத் தம்பி கவனமானவர். படத்தை ஓரத்தில் பிடித்து, என் கண் முன்னாலேயே ஸ்கான் செய்து, அசலை அப்போதே திருப்பித் தந்தார். இதற்கு முழுப் புள்ளி.

சிக்கல் முதல் பிரதியில். என்னிடம் கேட்காமலே ஏஐ மென்பொருளில் போட்டுவிட்டார். கண் இரண்டும் பளிச்சென்று, புருவம் அளவெடுத்து வெட்டினதுபோல. அம்மா பார்த்துவிட்டு, "ஆர் இந்தப் பொடியன்?" என்று கேட்டா. கரைந்த இடத்தில் இருந்ததை மென்பொருள் மீட்பதில்லை. வேறு ஆட்களின் முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து ஒன்றை ஊகித்து நிரப்புகிறது. மாமாவின் இடது கண் அந்தத் தாளில் இப்போது இல்லை. இல்லாததை இருக்கிறதாகக் காட்டும் படம் எனக்கு வேண்டாம்.

நான் சித்திரம் படிப்பிக்கிறவள். தம்பிக்குப் போனில் கேர்ஹார்ட் ரிக்டரின் ஓவியங்களைக் காட்டினேன். 1932இல் டிரெஸ்டனில் பிறந்த ஜெர்மன்காரர். 1965இல் குடும்பப் படங்களைப் பார்த்து, ஹிட்லரின் படைச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் தாய்மாமன் ரூடியை வரைந்தார். மனநோய் வந்ததால் நாசிகள் சாகடித்த சின்னம்மா மரியானேயையும் அதே வருடம் வரைந்தார். இரண்டிலும் ஈரம் காயமுன் உலர்ந்த தூரிகையை இழுத்து உருவத்தை மங்கலாக்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரூடி எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல முடியாது. தெளிவாக வரைந்திருந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்போம்.

கொலம்பியாவின் ஒஸ்கார் முனியோஸ் என்ற கலைஞர் என் மனதுக்கு இன்னும் கிட்ட. மரண அறிவித்தலில் வந்த முகங்களை உருக்குத் தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலமாகப் பதித்தார். தட்டைப் பார்த்தால் எங்கள் முகம்தான் தெரியும். மூச்சை ஊதினால் இறந்தவரின் முகம் எழும்பும், ஆவி காய்ந்ததும் போய்விடும்.

தம்பி கனநேரம் பார்த்தார். "அப்ப ரீச்சர், பூஞ்சணத்தையும் கீறலையும் மட்டும் எடுக்கட்டே?"

அதைத்தான் கேட்டேன். இரண்டாவது பிரதி, 8க்கு 12, மினுக்கம் இல்லாத தாளில். மஞ்சள் தணிந்திருக்கிறது, கறை இல்லை, இடது பக்கம் கரைந்தபடியே இருக்கிறது. அம்மா கையில் வாங்கி, "என்ர தம்பிதான்" என்றா.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்மாக்கள் கையில் பிடித்திருப்பதும் படங்களைத்தான். சின்னப் படத்தைப் பெருப்பித்தால் மங்கும், மங்கட்டும். அவை சாட்சிப் படங்கள். அதில் ஒரு கண்ணை மென்பொருள் போட்டால், மிச்சத்தில் எது உண்மை என்று நாளைக்கு எவரும் கேட்கலாம். வன்னியில் படம் திருத்துகிற ஒவ்வொரு கடையும் முகத்தில் கை வைக்கமுன் கேட்கவேண்டும்.

நீங்கள் போனால் முகத்தை ஏஐயில் போடவேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். திருத்தாத ஸ்கானை 600 டிபிஐயில் பென்டிரைவில் வாங்குங்கள். அசலை லமினேற் செய்யக் கொடுக்கவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பிறேம் போடுவதானால் கண்ணாடி படத்தில் முட்டாமல் நடுவில் மட்டை வைக்கச் சொல்லுங்கள், மாரியில் ஒட்டிக்கொள்ளும். முகூர்த்த நாளில் போகாதீர்கள், தம்பி ஏதாவது கலியாண வீட்டில் நிற்பார்.