ஜிஞ்சர் பியருக்கும் சர்பத்துக்கும் கைப் பிரிக்ஸ் மீட்டர்: வாங்கலாமா?

கையடக்கமான குழாய். ஒரு முனையில் சாய்வாக வெட்டிய கண்ணாடிப் பட்டகம், மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை. பட்டகத்தின் மேல் இரண்டு மூன்று சொட்டுப் பானம் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ், அதாவது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்பது. ஒயின் போடுகிறவர்களுக்கும் பழத் தோட்டக்காரர்களுக்கும் என்று விற்கப்படும் இந்த 0–32 மீட்டர், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வீட்டிலேயே ஜிஞ்சர் பியரும் (இஞ்சிப் பானம்) ரோஸ் சர்பத்தும் தயாரித்து, கோவில் திருவிழாக் கடைகளுக்கும் டீரூம் எனப்படும் தெருமுனைக் கடைகளுக்கும் போடுகிறவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதே இங்கே கேள்வி.

கேள்வி எழுவதற்குக் காரணம் சுகர் டாக்ஸ், இனிப்புப் பானங்களின் சர்க்கரைக்குப் போடும் வரி. சட்டத்தில் அதன் பெயர் ஹெல்த் ப்ரொமோஷன் லெவி. 2016 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் பிரவின் கோர்தன் அறிவித்து, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லியில் முதல் 4 கிராம் சர்க்கரைக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் முதலில் 2.1 சென்ட், 2019 ஏப்ரலிலிருந்து 2.21 சென்ட். 2022இல் 2.31 ஆக்குவதாகச் சொல்லி, பிறகு தள்ளிப்போட்டுக் கைவிட்டார்கள். சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் பிப்ரவரி பட்ஜெட் தோறும் ஏறுகிற பாவ வரி, கரும்பு விளைகிற மாகாணம் என்று வரும்போது மட்டும் தயங்குகிறது. 1860இல் கரும்பு வெட்ட மெட்ராஸிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று அதே சர்க்கரையைக் கிராம் கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பது வேறு கதை.

வீட்டுப் பானை அளவில் செய்பவர் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டுக்கு 500 கிலோ சர்க்கரைக்கு மேல் போனால்தான் வரி கட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் பதிவு மட்டும். 5 லிட்டருக்கு அரைக் கிலோ சர்க்கரை போடுகிற வழக்கமான ஜிஞ்சர் பியரில் 100 மில்லிக்கு 10 கிராம் வரும். அந்தக் கணக்கில் 500 கிலோ என்பது 5,000 லிட்டர், அரை லிட்டர் புட்டியில் 10,000. வாரத்துக்கு ஏறக்குறைய 190 புட்டி. பெரிய எண்ணாகத் தெரியும். இரண்டு மூன்று கடைகளுக்குப் போடத் தொடங்கினால் சீக்கிரமே எட்டிவிடும்.

எட்டிய பிறகு அந்தப் புட்டிக்கு வரி எவ்வளவு? 10இல் 4 போக 6 கிராம், 500 மில்லிக்கு 30 கிராம், 2.21ஆல் பெருக்கினால் 66 சென்ட். வரித்துறை ஏற்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை உங்களிடம் இல்லையென்றால், உள்ளே எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் 100 மில்லிக்கு 20 கிராம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்போது அதே புட்டிக்கு 1 ரேண்ட் 77 சென்ட். இந்த மீட்டரில் பார்த்து எழுதிய எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

பிறகு எதற்கு இது? பக்குவம் பிடிக்க. ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியும் அடுத்த மாதம் நீங்கள் ஊற்றுகிற பானையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை நாக்கு சொல்லாது. இஞ்சியின் காரமும் எலுமிச்சையின் புளிப்பும் ஏறினால் இனிப்பு குறைவாகத் தெரியும், கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும். மீட்டர் அந்த ஏமாற்றத்துக்கு ஆளாவதில்லை. இந்த மாதிரி மீட்டர்களின் துல்லியம் பொதுவாகக் கூட்டியோ குறைத்தோ 0.2 பிரிக்ஸ். அரை லிட்டர் புட்டியில் அது சுமார் ஒரு கிராம், வரியில் 2 சென்ட். வீட்டுத் தொழிலுக்கு இது தாராளம்.

பிரிக்ஸ் எடைக்கணக்கு, வரி கொள்ளளவுக்கணக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது. பிரிக்ஸ் எண்ணைக் கரைசலின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். 10 பிரிக்ஸில் அடர்த்தி 1.038, ஆகவே 100 மில்லிக்கு 10.4 கிராம். 4 பிரிக்ஸ் பக்கத்தில் வித்தியாசம் அற்பம்: 4 கிராம் கோடு மீட்டரில் 3.95இல் விழும். வரியே வராத பானம் செய்ய நினைப்பவர் கோட்டின் மேல் நிற்காமல் 3.5ஐக் குறி வைப்பது நல்லது. பழச்சாறு கலந்தால் பழத்தின் சொந்தச் சர்க்கரையும் கணக்கில் சேரும். நூறு சதவீதப் பழச்சாறுக்கு விலக்கு உண்டு. தண்ணீர் கலந்த மாம்பழப் பானத்துக்கு அது கிடையாது.

அளக்கும்போது கெடுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். முதலாவது பூஜ்யம். காய்ச்சி வடித்த நீரை, பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் ஆனாலும் சரி, இரண்டு சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுத்து, கோடு 0இல் இல்லையென்றால் மேலே உள்ள திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டும். ஏ.டி.சி. (தானியங்கி வெப்பத் திருத்தம்) என்று எழுதியிருக்கும் மீட்டர்கள் 10 முதல் 30 பாகை வரை தாமே திருத்திக்கொள்ளும். ஆனால் பூஜ்யம் பிடிப்பதை 20 பாகையை ஒட்டிய நேரத்தில் செய்ய வேண்டும். டர்பன் ஜனவரியில் அது விடியற்காலை அல்லது ஏ.சி. அறை. ஏ.டி.சி. இல்லாத மலிவு வகையில் 30 பாகை வெயிலில் எண் 0.7 அளவுக்குக் குறைத்துக் காட்டும். நான்கு கிராம் கோட்டுக்கு அருகில் அது பெரிய பொய்.

இரண்டாவது குமிழி. சோடா கலந்த பானத்தை இரண்டு டம்ளர்களுக்கிடையே டீ ஆற்றுவது போல ஆற்றி வாயுவைப் போக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மூன்றாவது சக்கை, கோடு மங்கினால் துணியில் வடிகட்டுங்கள். நான்காவதை யாரும் சொல்வதில்லை: மீட்டருக்குச் சர்க்கரை என்று தனியாகத் தெரியாது, ஒளியை வளைப்பது எதுவும் அதற்குச் சர்க்கரைதான். எலுமிச்சை சர்பத்தில் 100 மில்லிக்கு அரை கிராம் உப்பு போட்டால் 0.6 அளவுக்கு ஏற்றிக் காட்டும். சிட்ரிக் ஆசிட் ஏறத்தாழச் சர்க்கரை போலவே காட்டும். மாறாக, சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகளின் அளவு மிகக் குறைவு என்பதால் மீட்டர் அவற்றைக் காணவே காணாது.

ஜிஞ்சர் பியரில் ஈஸ்ட் போடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 100 மில்லியில் 0.8 கிராம் சர்க்கரை நொதித்தாலே ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதைத் தாண்டினால் பானம் சுகர் டாக்ஸ் பக்கத்திலிருந்து மதுவரிப் பக்கம் போய்விடும், அங்கே சட்டதிட்டங்களே வேறு. ஆல்கஹாலும் ஒளியை வளைப்பதால், சர்க்கரை குறைந்தும் மீட்டரில் எண் அவ்வளவு இறங்காது. நொதித்த பிறகு இந்த மீட்டரை நம்பாதீர்கள். ஈஸ்ட் போடும் முன் ஒரு முறை அளந்து எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

ரோஸ் சிரப், நன்னாரி சிரப் எல்லாம் 65 பிரிக்ஸ் சுற்றி இருக்கும்; 32 வரையுள்ள மீட்டரில் கோடே தெரியாது. 50 கிராம் சிரப்பில் 150 கிராம் தண்ணீர் சேர்த்து அளந்து நான்கால் பெருக்குங்கள். தராசில் எடை போட்டே கலக்க வேண்டும், கப்பில் அளந்தால் கணக்கு தப்பும். சூடான சிரப்பை அப்படியே விட்டால் சொட்டு ஆறுவதற்குள் நீர் ஆவியாகி எண் ஏறும். சிரப்புக்கு வரி போடுவது லேபிளில் நீங்கள் எழுதிய விகிதத்தில் கலந்த பானத்தைப் பார்த்து. 65 பிரிக்ஸ் சிரப்பில் 100 மில்லிக்கு சுமார் 86 கிராம் சர்க்கரை. ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் என்று லேபிள் சொன்னால் டம்ளரில் 100 மில்லிக்கு 14 கிராம். நான்குக்குக் கீழே இறங்க ஒன்றுக்கு இருபத்தொன்று தண்ணீர் வேண்டும். அதைச் சர்பத் என்று குடிக்கக் கொடுக்க முடியாது. ஆகவே வரி தப்புவதற்காக லேபிளில் நீர் ஊற்றாதீர்கள், சிரப்பின் சர்க்கரையைக் குறையுங்கள். குறைத்தால் கெடாமல் இருக்கும் நாளும் குறையும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டி வரும்.

வாங்கும்போது பிரிக்ஸ் அளவுகோல் மட்டும் உள்ளதை எடுங்கள். பிரிக்ஸோடு எஸ்.ஜி. (ஒப்படர்த்தி) என்று இரண்டாவது அளவுகோலும் உள்ள மலிவு மீட்டர்களில் அந்த இரண்டாவது அளவுகோல் பலவற்றில் பிரிக்ஸை நான்கால் பெருக்கி வரைந்ததுதான். எண் ஏற ஏறத் தப்பும். தேனுக்கான 58–90 மீட்டரும், உப்பு மீட்டரும், ஆல்கஹால் மீட்டரும் உருவத்தில் ஒன்று போலவே இருக்கும், பெட்டி மேல் உள்ள எண்ணைப் படித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் உள்ளே நீர் புகுந்து வில்லை மங்கும், அதன் பிறகு அது அலமாரியில் வைக்கத்தான். எண் திரையுள்ள டிஜிட்டல் வகை பல மடங்கு விலை. நாள்தோறும் பல பானை அளப்பவருக்கே அது தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தை ஆய்வகச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்: அறிக்கை இருந்தால் ஆயிரம் புட்டிக்கு 1,100 ரேண்ட் மிச்சம்.