பிராட் மென்பொருள்: ஆங்கில உச்சரிப்பு வகுப்புக்கு எவ்வளவு உதவும்?

ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒலியியல் கற்பிப்பதில் உள்ள பெரிய இடர்ப்பாடு, காது பழகாத ஒலி வேறுபாட்டை எத்தனை முறை சொல்லிக் காட்டினாலும் அவர்களுக்கு அது பிடிபடுவதில்லை என்பதுதான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகியோர் உருவாக்கிய 'பிராட்' என்னும் இலவச மென்பொருள், பதிவு செய்த குரலைத் திரையில் அலைவடிவமாகக் காட்டி, அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வைக்கிறது. பி.எட். வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த அளவில், இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

தமிழ்ச் சொல்லான 'பின்'னையும் குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலப் 'பின்'னையும் அடுத்தடுத்துப் பதிவு செய்து பாருங்கள். தமிழில் உதடு திறந்த மாத்திரத்தில் குரல்நாண்கள் அதிரத் தொடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் பதிவிலோ, உதடு திறப்பதற்கும் அதிர்வு தொடங்குவதற்கும் நடுவே மூச்சுக்காற்று மட்டும் வெளியேறும் சுமார் 50 மில்லிசெகண்ட் இடைவெளி அலைவடிவத்தில் தெளிவாகத் தெரியும். நம் மாணவர் ஊசி (pin) கேட்டால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் குப்பைத்தொட்டி (bin) என்று விழுவதற்குக் காரணம் அந்த இடைவெளி இல்லாமைதான். இதை ஒரு மணி நேரம் விளக்குவதைவிட, மாணவரே தம் குரலைத் திரையில் அளந்து பார்ப்பது மேல்.

சொல்லழுத்தம் கற்பிக்கவும் இது நன்கு கைகொடுக்கிறது. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், 'போட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசைக்கு நகர்வதை, குரலின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் சுருதிக் கோடும் அசையின் நீளமும் காட்டிவிடுகின்றன. எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலித்துப் பழகிய நமக்கு இது மிகவும் தேவையான பயிற்சி.

குறைகளும் உண்டு. திறந்ததும் இரண்டு சாளரங்கள் தோன்றுவதும், பட்டியலுக்குள் பட்டியலாக விரியும் கட்டளைகளும் புதியவரை மிரளச் செய்யும். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் ஏற்றபடி சுருதி எல்லையை மாற்றாவிட்டால் கோடு திடீரெனத் தாவித் தவறாகக் காட்டக்கூடும். மின்விசிறி ஓடும் அறையில் பதிவு செய்தால் 'ஃப்' போன்ற மெல்லிய உரசொலிகள் இரைச்சலில் மறைந்துவிடும். நாக்கு எங்கே இருக்கிறது என்பதையும் இது நேரடியாகக் காட்டாது. 'திங்க்' என்பதன் முதலொலியையும் 'ஃபின்' என்பதன் முதலொலியையும் படத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். அதற்கு வாயைப் பார்த்துக்கொள்ள ஒரு கைக்கண்ணாடியே போதும்.

உச்சரிப்புக்கு இது மதிப்பெண் போடுவதில்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. எது பிழை, எது ஏற்கத்தக்க வட்டார வேறுபாடு என்று தீர்மானிக்கும் பொறுப்பை வருங்கால ஆசிரியர் கருவியிடம் ஒப்படைக்கக் கூடாது. ஒலிப்புறுப்புகளையும் ஒலிக்குறியீடுகளையும் கற்பித்து முடித்த பிறகு இதை அறிமுகப்படுத்துங்கள்; கல்லூரியின் பழைய கணினியே இதற்குப் போதுமானது.