புதிதாகக் கட்டுவதா, இருப்பதை வைத்துக் கட்டுவதா?

ராக்ஸ்டார் ஒரு காலத்தில் வேகமான வீடியோ கேம் நிறுவனம். அவர்களின் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) தொடரில் ஜிடிஏ 3 வந்தது 2001இல், வைஸ் சிட்டி 2002இல், சான் ஆண்ட்ரியாஸ் 2004இல். அப்புறம் இடைவெளி நீண்டது. நான்காம் பாகத்துக்கு 2008, ஐந்தாவதற்கு 2013. ஆறாம் பாகத்தின் முதல் டிரெய்லரே 2023 டிசம்பரில்தான் வந்தது.

நேரம் எங்கே போகிறது என்பதை அவர்களின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) என்ற விளையாட்டு காட்டும். சேற்றில் குதிரையின் குளம்படி பதியும், காட்டில் விட்டுப்போன மானின் உடல் நாளாக நாளாக அழுகும். இவ்வளவையும் ஒவ்வொன்றாக யாரோ உட்கார்ந்து செய்ய வேண்டும். அந்த உலகில் நடப்பது இன்றும் எனக்குப் பெரிய இன்பம்.

ஜப்பானிய நிறுவனமான செகாவின் யாகுசா விளையாட்டுத் தொடர் எதிர்த்திசையில் போகிறது. டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியைப் பார்த்து 2005இல் உருவாக்கிய காமுரோச்சோ என்ற கற்பனைப் பகுதியின் தெருக்களைப் பாகத்துக்குப் பாகம் மீண்டும் பயன்படுத்துகிறார்கள். அதனால் 2023 நவம்பர், 2024 ஜனவரி, 2025 பிப்ரவரி என அடுத்தடுத்து மூன்று விளையாட்டுகள் வந்தன. மூன்றாவதில் வரும் ஹோனலூலு, இரண்டாவதில் கட்டியதுதான்.

பழைய தெருவென்றால் சலிக்காதா? எனக்குச் சலிக்கவில்லை. சொந்த ஊர்க் கடைவீதிக்குத் திரும்புவதுபோல, எந்தக் கடை மாறியிருக்கிறது என்று தேடத் தோன்றும். குறையும் உண்டு: சண்டை அசைவுகள் பழகியவை, படத்தரமும் ராக்ஸ்டார் அளவுக்கு வராது. ஆனாலும் பத்து வயதில் ஜிடிஏ ஐந்தாம் பாகம் விளையாடிய பிள்ளை, ஆறாவது வருவதற்குள் வேலைக்கே போயிருக்கும். நான் யாகுசா பக்கம்தான்.