வாக்கெடுப்பா, நேரடி விலைக்கோரலா?

டொக்யார்ட் வீதித் தேத்தண்ணிக் கடையில் மாமா கேட்டார்: "கம்பனி பங்குச்சந்தையை விட்டுப் போனா என்ரை பங்கு என்னடா தம்பி ஆகும்?"

ஒருவர் முழுக் கம்பனியையும் வாங்கித் தனியாராக்க இரண்டு வழி. பங்குதாரர் வாக்கெடுப்பு என்றால், பெரும்பான்மை சம்மதித்ததும் எதிர்த்தவருக்கும் பங்குக்குப் பதில் காசுதான். 2022 இல் ட்விட்டர் இப்படித்தான் தனியாரிடம் போனது, பங்குக்கு 54.20 டொலர். டெல் கணினிக் கம்பனியில் 2013 இல் வாக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போனதில் பங்கு விலை 13.65 டொலரிலிருந்து 13.75 ஆனது. பத்து சதம்தான், ஆனாலும் இழுபறிக்குப் பலன்!

நேரடி விலைக்கோரலில், அதாவது வாங்குபவர் பங்குதாரரிடமே நேரே விலை சொல்லிக் கேட்கும்போது, கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அமெரிக்காவின் டெலவெயரில் 90 வீதப் பங்கு வாங்குபவரின் கைக்கு வந்துவிட்டால் மிச்சத்தை வாக்கில்லாமலே எடுத்துவிடலாம். எனக்கென்றால் வாக்கெடுப்புத்தான் பிடிக்கும்.

மாமா பிளேன்டீயை உறிஞ்சினார். "அப்ப ரெண்டிலயும் விக்கத்தான் வேணுமெண்டு சொல்லு."